வெயில் படாத கார்

கராஜ் கதவை இடுப்பளவுக்குத் தூக்கியபோதே கற்பூர வாசம் முகத்தில் அடித்தது. ஜனார்த்தன் குனிந்தபடியே நின்றான். ஒரு கையில் கதவு. மறு கையில் பென்ரோஸ் வரை போய் வாங்கிவந்த மெழுகு டின். சாமிப் படத்துக்கு முன்னால் இருக்கவேண்டிய வாசம் கராஜுக்குள் எப்படி வந்தது என்பதற்கு அவன் மனம் உடனே ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. அந்தப் பதில் வேண்டாம் என்பதுபோலக் கதவை மெல்ல, சத்தமில்லாமல், மேலே தள்ளினான்.

கார் விட்ட இடத்தில் விட்டபடியே நின்றது. 1962இல் அமெரிக்காவில் செய்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். இரண்டே கதவுகள், இடப்பக்க ஸ்டியரிங், பக்கவாட்டில் நீளமாக ஓடும் அலுமினியத் தகடு. டர்போ என்ற சொல்லை யாரும் அறியாத காலத்திலேயே டர்போ பூட்டி வந்த வண்டி. அவன் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பு தொழிற்சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் இன்னும் அப்படியே இருந்தது. இருந்தது என்று நம்பித்தான் காலையில் வெளியே போனான். இப்போது போனட்டின் நடுவில், ஐம்பது சத நாணயத்தின் அளவுக்கு, ஒரு மஞ்சள் வட்டம். அதிலிருந்து மூன்று கோடுகள், யாரோ ஈரத்துணியால் இழுத்துத் துடைத்த தடம், இடப்பக்கமாகப் போய் மங்கியிருந்தன. காரின் நாலு சில்லுகளுக்கு முன்னாலும் ஒவ்வொரு லெமன் பழம், பக்கத்து வீட்டு மரத்தது, காம்போடு.

விரல் நுனியை நாக்கில் தொட்டு வட்டத்தின் ஓரத்தில் வைத்தான். மெல்லத் தேய்த்தான். விரல் சுத்தமாக வந்தது. அதுதான் அவனைப் பயப்படுத்தியது. மஞ்சள் மேலே இல்லை, உள்ளே இறங்கிவிட்டது.

"அம்மா," என்று கூப்பிட்டான்.

புஷ்பவதி கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைப்படியால் இறங்கி வந்தாள். முகத்தில் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் செய்து முடித்தவளின் சிரிப்பு.

"ராகுகாலம் துடங்க முதலே முடிச்சிட்டன். நீ வெளிக்கிட்ட கையோட மஞ்சள்ல ஒரு பிள்ளையார் பிடிச்சு வைச்சனான். இங்க எங்கால அறுகம்புல்லு, வேலிக்கரைப் புல்லைத்தான் தலையில குத்தினனான். அவர் கோவிக்கமாட்டார்."

"எவ்வளவு நேரம் இருந்தது?"

"ரெண்டு மணிக்குத்தான் எடுத்தனான். ஈரச்சீலையால துடைச்சும் விட்டனான். கொஞ்சம் மஞ்சள் நிக்குது, அது போயிடும்."

"அது போகாது."

"உன்ர சொந்தத் தொழில், தம்பி. முதல் வந்த வாகனம். ஒண்டும் செய்யாமல் எப்பிடித் துடங்கிறது?"

"இது எங்கட காரில்லை." அவன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்? இந்த நாட்டுக்கு வந்து நாலு வருசம். ஒரு சாமானை ஒருத்தன் எங்களை நம்பித் தந்தால் அதில கை வைக்கக்கூடாது எண்டு கூடவா தெரியாது?"

புஷ்பவதியின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் சிறிது நேரம் தேவையில்லாமல் நின்றுவிட்டுத்தான் போனது. அவள் திரும்பிப் படியேறினாள். படியேறுகிறவளின் வலதுகை விரல் நுனிகள் மஞ்சளாக இருந்ததை அவன் பார்த்தான். சொன்னதில் எந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கலாம் என்று யோசித்தான். எல்லாச் சொல்லும் சரியானதாகவும் எல்லாச் சொல்லும் பிழையானதாகவும் பட்டது.

காரின் சொந்தக்காரர் மிஸ்டர் ஹார்கிரீவ் ஓக்லண்டுக்குத் தெற்கே புக்கெகோஹியில் நாற்பது வருடம் வெங்காயம் பயிரிட்டவர். அந்த ஊரின் செம்மண் அவருடைய நகக்கண்களில் நிரந்தரமாகக் குடியிருந்தது. காரில் அதன் ஒரு துகள்கூட இல்லை. 1971இல் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப்போன ஓர் அமெரிக்கக் குடும்பத்திடம் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டுவார். மழையில் எடுக்கமாட்டார், வெயிலில் நிறுத்தமாட்டார். இப்போது அவருடைய இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தால் மட்டும் கொஞ்சம் தெரியும். அதனால் எதையாவது பார்க்கவேண்டுமென்றால் முகத்தை அதிலிருந்து திருப்பிக்கொள்வார். முதல்நாள் அவனோடு கதைத்தபோதுகூடப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் கதைத்தார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த மாதமே காரை விற்க முடிவெடுத்திருந்தார். கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து ஒருவர் ஞாயிறு காலை விமானத்தில் வருகிறார். விமான நிலையத்துக்கு ஜனார்த்தனுடைய பாப்பாடோட்டோய் வீடு பத்து நிமிடம் என்பதால் இங்கேயே பதினொன்றரைக்குப் பார்ப்பதாக ஏற்பாடு.

"அவர் வாங்க வருவது பெயின்டை," என்று ஹார்கிரீவ் சொல்லியிருந்தார். "இஞ்சினைத் திருத்தலாம், டயர் மாற்றலாம். முதல் பெயின்ட் ஒரு தரம்தான்."

சாவியோடு ஒரு தாளும் தந்தார். டைப் செய்த பதினான்கு விதிகள். மூன்றாவது: கொம்பவுண்ட் பசை போட்டுத் தேய்க்கக்கூடாது, எந்தக் காரணம் கொண்டும். ஆறாவது: இஞ்சினைச் சும்மா போட்டு நிறுத்தக்கூடாது, போட்டால் இருபது நிமிடம் ஓடவேண்டும். ஒன்பதாவது: வெயிலில் நிறுத்தக்கூடாது. பதினான்காவது: ஏதாவது நடந்தால் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும்.

ஜனார்த்தன் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கராஜ் சுவரில் ஒட்டியிருந்தான். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் பென்சிலால் ஒரு சிறு சரி. முந்தின நாள், வியாழக்கிழமை பின்னேரம், பழைய மெழுகையெல்லாம் கழுவி எடுத்துப் பெயின்டை வெறுமையாக்கினான். புது மெழுகை ஒரே மூச்சில் பூசவேண்டும். பாதியில் விட்டால் எல்லை தெரியும். ஆறு மணிக்கு மனுகாவில் மாலை வகுப்பு. சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கான வகுப்பு, ஒரு நாளும் தவறவிட்டதில்லை. டின்னில் மெழுகும் போதாது போலிருந்தது. நாளைக்குப் புது டின் வாங்கிவந்து பூசலாம் என்று மூடிவிட்டுப் போனான். மெழுகு இருந்திருந்தால் மஞ்சள் மேலேயே நின்றிருக்கும், ஒரு துடைப்பில் போயிருக்கும். ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று ஒத்திவைத்த அந்த ஒரு இரவுதான் பெயின்டின் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. அம்மாவுக்குச் சொன்னதில் பாதி தனக்குச் சொல்லவேண்டியது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் ஜிதேந்திராவுக்குத்தான் போன் செய்தான். இரண்டு வாரத்துக்கு முன்புவரை அவன் வேலை செய்த, கார்களைக் கழுவி மெருகேற்றும் குரூமிங் கடையின் முதலாளி. பீஜியில் பிறந்தவர், பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கரும்பு வெட்டப் போனவர் என்பார். தமிழில் 'வாங்க, சாப்பிடுங்க' என்ற இரண்டு சொல் தெரியும், மிச்சமெல்லாம் ஆங்கிலம்.

"மஞ்சளா?" ஜிதேந்திரா வாய்விட்டுச் சிரித்தார். "என் அம்மாவும் என் முதல் வேனுக்கு இதைத்தான் செய்தாள். வேனே மஞ்சள் நிறம், அதனால் தப்பித்தேன். சரி கேள் ஜானி. இரண்டாயிரம் நம்பர் சாண்ட்பேப்பர். தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் தேய். பிறகு பொலிஷ் மெஷின். முடிந்தது."

"பெயின்ட் மெலிந்துவிடும்."

"எவ்வளவு மெலியும், ஒரு தலைமயிர் அளவு. கிழவனுக்குக் கண் தெரியாது என்றுதானே சொன்னாய்?"

"வாங்க வருகிறவருக்குத் தெரியும்."

"அவனுக்கு மஞ்சள்தான் தெரியும். மெலிந்தது தெரியாது. அந்த ஹோல்டன்காரிக்குத் தெரிந்ததா?"

அந்த ஹோல்டன். போன வருடம் ஒரு பச்சை ஹோல்டன் காரின் கதவோரத்தில் ஜனார்த்தன் மெஷினைக் கூடுதலாக அழுத்திப் பெயின்டைச் சுட்டுவிட்டான். ஜிதேந்திரா சிறு தூரிகையால் ஒரு பூச்சுப் பூசி, வாயைத் திறக்காதே என்றார். காரை எடுக்க வந்த பெண்மணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் புதுக்கார் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அடுத்த நாள் ஒரு பெட்டி சொக்லேட் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் தின்றார்கள். அவனும் ஒன்று தின்றான். அதன் இனிப்பு நாக்கில் வந்தபோதெல்லாம் கடையை விட்டுப் போகவேண்டும் என்று நினைப்பான். நினைத்து ஒரு வருடம் கழித்துத்தான் போனான்.

"யோசிக்கிறேன்," என்று சொல்லிப் போனை வைத்தான்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பதினான்காவது விதி சுவரிலேயே இருந்தது. ஆறு மணியளவில், சமையலறை யன்னல் பக்கம் நின்று, புக்கெகோஹி நம்பரை ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினான். சொல்லவேண்டிய வாக்கியங்களை ஒரு கடிதத்தின் பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். மூன்று வாக்கியங்கள். இரண்டாவது மணியிலேயே ஹார்கிரீவ் எடுத்தார்.

"மிஸ்டர் ஹார்கிரீவ், நான் ஜனார்த்தன்."

"ஆ, மேட். எப்படி இருக்கிறாள்?" காரைத்தான் கேட்டார்.

தாளில் முதல் வாக்கியம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் திரவம்," என்றான். "டர்போவுக்கு விடும் திரவம். போத்தலில் எவ்வளவு நிற்கவேண்டும் என்று கேட்கத்தான்."

ஹார்கிரீவின் குரல் வேறு குரலாக வந்தது. இளகி, நெருங்கி.

"நீ ஒருவன்தான் அதைக் கேட்டிருக்கிறாய்," என்றார். "தண்ணீரும் மெதனோலும், பாதிக்குப் பாதி. டர்போ காற்றைத் திணிக்கும்போது இஞ்சின் சூடேறித் தட்டாமல் இருக்க அது தெளிக்கப்படும். அவ்வளவுதான் அந்தக் கார் கேட்பது. ஆட்கள் நிரப்ப மறந்தார்கள். மறந்துவிட்டு, கார் இழுக்கவில்லை என்று கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கம்பனி ஆட்கள் டர்போவையே கழற்றிவிட்டார்கள். அதனால்தான் முழுசாக மிஞ்சியது இவ்வளவு குறைவு. இருபத்தைந்து வருடத்தில் நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை." பிறகு, "வேறேதும் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றான் ஜனார்த்தன். "எல்லாம் சரி."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அடுப்படியில் புஷ்பவதி முதுகைக் காட்டியபடி நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆங்கிலம் அவளுக்கு அவ்வளவாக விளங்காது. ஆனால் அவனுடைய குரல் எந்த மொழியிலும் விளங்கும்.

"சொல்லேல்லைத்தானே," என்றாள், திரும்பாமல்.

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

"போனைத் தா. நான் சொல்லுறன். நான் செய்தது, நான்தான் சொல்லவேணும்."

"என்ன பாசையில சொல்லப்போறீங்கள்?"

இரண்டாம் தடவை அவளை அடித்தது போலிருந்தது அவனுக்கு. அவள் மீண்டும் அரிசியில் கையை விட்டாள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் கொடியில் அந்தச் சீலைத்துண்டு கிடந்தது. பிள்ளையாரை எடுத்தபிறகு போனட்டைத் துடைத்த துண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரமே அவள் கழுவிப் போட்டிருக்கவேண்டும். பல் துலக்கிக்கொண்டு நின்ற ஜனார்த்தன் அதை முதலில் வெறுப்போடுதான் பார்த்தான். பிறகு தூரிகையை வாயில் வைத்தபடியே கிட்டப் போனான். துண்டை இரண்டாக மடித்துக் கொடியில் போட்டிருந்தாள். வெளியே பார்த்த பக்கம், வெயில் பட்ட பக்கம், ஏறக்குறைய வெள்ளை. உள்மடிப்பை விரித்துப் பார்த்தான். நேற்றைய மஞ்சள் அப்படியே இருந்தது. ஒரே துணி, ஒரே மஞ்சள், ஒரே கழுவல். வித்தியாசம் வெயில் மட்டும்தான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தான். துணிக்குச் சரிவருவது பெயின்டுக்குச் சரிவருமா? தெரியாது. எவ்வளவு நேரம்? தெரியாது. ஆனால் இதில் உரசல் இல்லை, மருந்து இல்லை. மூன்றாவது விதி தப்பும். உடைவது ஒன்பதாவது. ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்கலாமா என்று அவன் சுவருக்கு முன்னால் நின்று நெடுநேரம் யோசித்தான். பதினான்காவதை நேற்றே உடைத்துவிட்டவனுக்கு இது என்ன புது ஆசாரம் என்றும் தோன்றியது.

பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றை எடுத்து, வட்டமும் கோடுகளும் இருக்கும் அளவுக்கு மட்டும் அதில் கத்தரியால் ஓர் ஓட்டை வெட்டினான். மிச்சப் பெயின்டில் வெயில் படக்கூடாது. உள்ளே சீட்டிலும் டாஷ்போர்ட்டிலும் படாமல் யன்னல்களுக்கெல்லாம் போர்வை. இஞ்சினைப் போட்டு வெளியே எடுக்கமுடியாது, ஆறாவது விதி. தள்ளத்தான் வேண்டும். தனியாகத் தள்ளமுடியாது.

தங்கை பிரணவியை எழுப்பி இடப்பக்க சீட்டில் இருத்தினான். பதினைந்து வயது, ஸ்டியரிங்கைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"திருப்பாதை. நேராப் பிடி. நான் சொன்னால் மட்டும் பிரேக்."

"ஐ நோ, அண்ணா. ரிலாக்ஸ்."

அவன் முன்பம்பரில் துணியை வைத்துக் கைகளை ஊன்றினான். கார் அசையவில்லை. மறுபடி தள்ளினான். பக்கத்தில் இன்னொரு சோடிக் கைகள் வந்து துணியில் ஊன்றின. புஷ்பவதி வீட்டுச் சட்டையை முழங்காலுக்குமேல் செருகியிருந்தாள். நேற்று இரவிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"பம்பரில மட்டும் பிடியுங்கோ," என்றான்.

"தெரியும்," என்றாள்.

ஜெட்ஃபயர் பின்புறமாக, ஒரு சத்தமும் இல்லாமல், ஒக்டோபர் வெயிலுக்குள் உருண்டது. விரிப்பை மூடினான். வெட்டிய ஓட்டைக்குள் மஞ்சள் வட்டம் வெளிச்சத்தில் இன்னும் கடுமையாகத் தெரிந்தது. நேரத்தைப் பார்த்தான். எட்டு நாற்பது.

ஒன்பது பத்துக்கு மேற்கே மேகம் கறுத்தது. மழைத்துளி பட்டால் விரிப்பு நனைந்து பெயின்டில் ஒட்டும். மூவருமாக உள்ளே தள்ளினார்கள். ஒன்பது நாற்பதுக்கு வெயில். வெளியே தள்ளினார்கள். பத்தேகாலுக்குத் தூறல். உள்ளே. ஓக்லண்டின் வசந்தகாலம் ஒரு நாளுக்குள் நான்கு தடவை மனம் மாறும். அன்று அதைவிட அதிகம். நாலாம் தடவை உள்ளே தள்ளும்போது முன்சில்லின் கீழே 'பட்' என்று ஒரு சத்தம். பிரணவி பிரேக்கை மிதித்தாள். ஜனார்த்தன் முன்பக்கம் ஓடினான். குனிந்து பார்த்தான். அவன் எடுத்து எறிந்தது மூன்று லெமன்களை. நாலாவது எங்கோ உருண்டுபோய்ச் சுவரோரம் ஒளிந்திருந்து, இப்போது சில்லின் கீழே நசுங்கிக் கிடந்தது. சாறு சிமெந்தில் ஓடியது. புஷ்பவதி அதைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டாள். வண்டி ஏறி லெமன் நசுங்கினால்தான் பூசை முடியும் என்பது அவனுக்கும் தெரியும். அவள் சொல்லாமல் விட்டதற்காக அவளுக்குக் கடன்பட்டவன்போல அவன் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனான்.

"அண்ணா, எல்லாரும் பார்க்கினம்," என்றாள் பிரணவி காருக்குள்ளிருந்து. வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார். "திஸ் இஸ் ஸோ எம்பரஸிங். கார் என்ன, டொய்லெட்டுக்குப் போய்ப்போய் வருகுதா எண்டு நினைப்பார்."

புஷ்பவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் பம்பரில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். ஜனார்த்தனுக்கும் ஒரு கணம் வந்தது. பிறகு ஓட்டைக்குள் பார்த்தான். வந்த சிரிப்பு போய்விட்டது.

பின்னேரம் நான்கு மணிக்கு மூன்று கோடுகளும் இல்லை. வட்டம் இருந்தது, ஆனால் நேற்றைய வட்டமல்ல, பழைய காகிதத்தின் நிறம். விரிப்பை நீக்கித் தூரத்தில் நின்று பார்த்தான், கிட்ட வந்து பார்த்தான், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். குறைந்திருக்கிறது. இப்போது புதுப் பயம் ஒன்று பிடித்தது. ஓட்டைக்குள் இருந்த பெயின்ட் சுற்றிலும் உள்ளதைவிட வெளுத்துவிட்டதா? ஒரு பொழுதில் அப்படி ஆகாது என்று புத்தி சொன்னது. ஆகாது என்று உனக்கு யார் சொன்னது என்று இன்னொன்று கேட்டது. அன்று மாலை போனட்டைத் தவிர மற்ற எல்லா இடமும் மெழுகு பூசி முடித்தான். போனட்டை விட்டுவைத்தான். நாளைக் காலையும் வெயில் வரும்.

வந்தது. ஞாயிறு காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏழரைக்கே காரை வெளியே தள்ளினார்கள். பத்து மணிக்கு உள்ளே எடுத்துவிடவேண்டும் என்று நினைத்திருந்தான். பத்து மணிக்குப் பார்த்தபோது வட்டம் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தது. இன்னும் கால்மணி என்று விட்டான். பிறகு இன்னும் ஒரு கால்மணி. பத்து நாற்பதுக்கு உள்ளே தள்ளி, மூச்சுவாங்கப் போனட்டுக்கு மெழுகு பூசி, துணி மாற்றி மாற்றித் துடைத்தான். வெள்ளை கண்ணாடிபோல எழுந்து வந்தது. கதவுப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. வலப்பக்கச் சில்லருகே குனிந்து, வெளிச்சத்தைச் சரிவாக வாங்கிப் பார்த்தால், ஒரு வளையத்தின் ஞாபகம் போல ஏதோ. அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும்.

தெரிந்தவன் அவன்தான். கிறைஸ்ட்சேர்ச்காரர் விளக்குப் பிடித்துப் பார்த்தால் காணக்கூடும், காணாமலும் விடக்கூடும். கண்டால், இது என்ன என்று கிழவரைக் கேட்பார். கிழவர் அப்படி ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்வார்.

பதினொன்றுக்கு டாக்சி வந்தது. ஹார்கிரீவ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, தலைமயிரை ஈரமாகச் சீவியிருந்தார். ஜனார்த்தன் அவருடைய முழங்கையைப் பிடித்துக் கராஜுக்குள் கூட்டிவந்தான். அவர் கையை விடுவித்துக்கொண்டு காரின் பின்புறத்தில் தொடங்கினார். உள்ளங்கை முழுவதையும் பதித்து, டிக்கி மூடி, பின்பக்கத்து விளிம்பு, கதவு, அலுமினியத் தகடு என்று தடவிக்கொண்டே நடந்தார். இடையிடையே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் இரண்டடி பின்னால் நடந்தான். பை நிறையக் கல் போட்டு நடக்கிறவன்போல நடந்தான்.

"நல்லது," என்றார் ஹார்கிரீவ். "மிக நல்லது, மேட்."

போனட்டில் கையை வைத்தார். கை நின்றது.

மறுகையை எடுத்துக் கதவில் வைத்தார். காலையில் வெயில் படாமல் போர்வை மூடியிருந்த கதவு. மீண்டும் போனட்டில் வைத்தார்.

"சூடாக இருக்கிறது," என்றார். "இஞ்சின் போட்டாயா?"

சாதாரணக் கேள்வி. ஆறாவது விதிப்படி இருபது நிமிடம் ஓட்டினேன் என்று சொன்னால் முடிந்தது. பதிலை அவரே கையில் எடுத்துத் தருகிறார், வாங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் நட்டமில்லை. மெழுகு பளபளக்கிறது. இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் வாங்குகிறவர் வருவார், கை குலுக்குவார்கள், பழைய கார்க்காரர்களின் சங்கத்தில் நாற்பது பேருக்கு ஹார்கிரீவ் அவனுடைய நம்பரைக் கொடுப்பார். ஜனார்த்தனுடைய வாய்க்குள் ஏனோ சொக்லேட்டின் இனிப்பு வந்தது.

"இல்லை," என்றான். "வெயிலில் நின்றது. நேற்றும் இன்றும்."

ஹார்கிரீவ் கையை எடுக்கவில்லை. அவருடைய முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வரும் குழப்பம் தெரிந்தது.

"எழுதித் தந்தேனே."

"ஆம். ஒன்பதாவது."

"பிறகு ஏன்?"

சட்டைப்பையில் நான்காக மடித்த தாள் கிடந்தது. மூன்று வாக்கியங்கள். அதில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கராஜ் வாசலில் நிழல் விழுந்தது. புஷ்பவதி நின்றாள். வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று காலையில் சொல்லியிருந்தான். சேலை கட்டி, தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள்.

"மீ," என்றாள் நெஞ்சில் கையை வைத்து. பிறகு இரவெல்லாம் பிரணவியிடம் கேட்டுப் பாடமாக்கியதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "ஐ புட். பிரேயர். ஃபோர் மை சன் வேர்க். சொறி."

குரல் வந்த திசைக்கு ஹார்கிரீவ் திரும்பினார். "என்ன வைத்தார்?" என்று அவனிடம் கேட்டார்.

சொல்ல ஆங்கிலம் போதவில்லை. ஜனார்த்தன் அவருடைய வலதுகையின் சுட்டுவிரலைப் பிடித்தான். செம்மண் ஏறிய நகம், தடித்த தோல். அதைப் போனட்டின் நடுவுக்குக் கொண்டுபோய், வளையத்தின் மேல் வைத்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இவ்வளவு," என்றான். "இந்த இடத்தில். மஞ்சள் நிறம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது."

வீதியிலிருந்து ஒரு டாக்சி வேகம் குறைத்து ஓட்டுப்பாதைக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. விமானம் நேரத்துக்கு முன்பே வந்திருக்கவேண்டும். ஹார்கிரீவின் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் குனிந்தார். குனிந்து, அந்த இடத்திலிருந்து முகத்தை முழுவதுமாக மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அசையாமல் நின்றார்.